துகள் கணக்கு

வேலைக்குள் நுழையுமுன் காற்றுக் குளியல்.
பிறகு கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்பு.
பாயான் லெப்பாஸில் பதினேழு வருடமாக
நான் தூசு எண்ணுகிறவள்.
ஒரு கன அடிக் காற்றில் எத்தனை என்று
எந்திரம் சொல்லும்.
கூடிப்போனால் மணி அடிக்கும்,
எல்லோரும் கையை எடுத்துவிட்டு நிற்போம்.

என் குடலுக்கு மணி கிடையாது.
ராத்திரி இரண்டுக்கு முறுக்கும்,
அவ்வளவுதான் தகவல்.

கோதுமையை விட்டு இரண்டு வருடமும் நாலு மாதமும்.
ரொட்டி சானாய் போயிற்று, மீ போயிற்று.
சோயா சாற்றிலும் கோதுமை என்று தெரிந்த அன்று
ஜெலுத்தோங் சந்தையில்
ஆவி பறக்கிற கோய்த்தியாவ் தட்டை விட்டு எழுந்தேன்.
உப்புக் கூடிவிட்டதா என்று
வறுத்தவர் முகம் வாடிக் கேட்டார்.

பிறகு பெருங்காயம்.
மஞ்சள் டப்பாவைத் திருப்பி
பொடி எழுத்தைப் படித்தது எட்மண்ட்தான்.
கட்டி பிடிக்காமலிருக்க மாவு கலப்பார்களாம், கோதுமை மாவு.
வயிறு நொந்த நாட்களில் எல்லாம்
வயிற்றுக்கு நல்லது என்று
ரசத்தில் ஒரு சிட்டிகை கூடவே போட்டிருந்தேன்.
சிரித்தோம். சிரித்து முடித்து
அவன் சமையலறையையே கழுவினான்.

திருடன் அகப்பட்டுவிட்டான் என்கிற நிம்மதி.
புதுத் தோசைக்கல், புது அகப்பை,
என் டப்பாக்களுக்குச் சிவப்பு ஒட்டுத்தாள்.
மூன்று வாரம் வயிறு வாய் திறக்கவில்லை.
நான்காம் வாரம்
விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

ஃபவ்சியா அரிசிமாவுக் குவே கொண்டுவருவாள்.
அவள் கரண்டி அதற்கு முன் எந்த மாவில் கிடந்தது
என்று எப்படிக் கேட்பது.
வாங்கிப் பையில் வைத்துக்கொள்வேன்.
ஆலைப் பேருந்து நிற்குமிடத்துக் காக்கைகள்
என்னை அடையாளம் கண்டுகொள்கின்றன.

டாக்டர் கூ படத்தைக் காட்டினார்.
குடலின் உள்சுவரில் பாசிபோல் அசைய வேண்டியவை
வாசல் மிதியடியாகத் தேய்ந்து கிடந்தன.
"தெரியாமல் ஏதாவது உள்ளே போகிறதா?"
மெதுவாகத்தான் கேட்டார், நல்ல மனிதர்.
இதை என் அக்கா கேட்டாயிற்று, மேலாளர் கேட்டாயிற்று.
நற்கருணை வரிசையில் கையைக் குறுக்கே கட்டி
அப்பம் வாங்காமல் நான் திரும்பும்போது
பின்னால் நிற்கிறவளின் கண்,
இவள் என்ன பாவம் செய்தாளோ என்று.

தூய அறையில் பிழை வந்தால்
ஆளைக் கேட்கமாட்டோம்.
முதலில் வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்போம்.

சனிக்கிழமை காரைத் துடைக்கப் போனேன்.
ஓட்டுகிற இருக்கைக்கு அடியில்
மடித்த பழுப்புத் தாள், காய்ந்த பருப்புக் குழம்பு,
செதில் செதிலாய் ரொட்டிப் பொருக்கு.
கதவுப் பையில் தண்ணீர்ப் போத்தல்,
பாதி தீர்ந்த பற்பசை, ஒரு பல்துலக்கி.

எங்கே வைத்துத் தின்றிருப்பான்?
கொம்தார் கார் நிறுத்தத்தில், ஏதோ ஒரு மாடியில்,
கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவசரமாக.
பிறகு கதவைத் திறந்து
தரையில் கொப்பளித்துத் துப்பியிருப்பான்,
வீட்டுக்கு வந்து என்னை முத்தமிட வேண்டுமே.

திருடன் இவன்தானா?
தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
டாக்டர் கூ இன்னொன்றும் சொன்னார் அன்று,
எதுவுமே உள்ளே போகாமலும்
சிலருக்கு ஆறுவதில்லை என்று.
அதை நான் வீட்டில் சொல்லவில்லை.
எனக்கும் ஒரு கதவுப் பை இருக்கிறது.

கையுறை மாட்டிப் பொருக்கைத் துடைத்தேன்.
பல்துலக்கியின் தூவி
விரிந்து, நாலாபக்கமும் வளைந்திருந்தது,
அத்தனை அழுத்தித் தேய்த்திருக்கிறான்.
ஏழு மாடி ஏறிப் போய்
புதிதாக ஒன்று எடுத்து வந்து
அதே இடத்தில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி குழாய் விழுங்க வேண்டும்.
ஓட்டிப் போகப்போவது அவன்தான்.