எட்டு அங்குலம்

பாலத்தின் மூன்றாவது தூணில்
மஞ்சள் பெயின்ட்டில் அடிக்கணக்கு எழுதியிருக்கிறது.
அதைப் படிப்பது என் வேலை.
காலை ஆறுக்கு ஒருமுறை, மாலை ஆறுக்கு ஒருமுறை,
ஏப்ரலில் மணிக்கு ஒருமுறை.

இந்த ஆறு வடக்கே ஓடுகிறது.
தெற்கில் பனி உருகிவிட்டிருக்கும்,
வடக்கில் ஆறு இன்னும் கட்டியாய்க் கிடக்கும்.
வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை.
தட்டுப்போல் விரிந்த டகோட்டா மண்ணில்
அது பாயாது, சீறாது.
துணியின் ஓரத்தில் ஈரம் ஏறுவதுபோல்
ஏறும்.

பதினெட்டு அடியில் பேஸ்பால் மைதானம் முழுகும்;
அதற்கு யாரும் தொப்பியைக்கூடக் கழற்றுவதில்லை.
இருபத்தைந்தில் ஆரின் ஸ்கார்
படகுத்துறைச் சாலையில் மரத்தடுப்பை வைப்பார்,
போன வருஷத்துச் சேறு அதில் காய்ந்திருக்கும்.
முப்பதைத் தாண்டினால்
நிலவறைகளில் பம்புகள் இருமத் தொடங்கும்.
நெஞ்சுச்சளிக்காரனைப்போல் ஊர் தூங்கும்.
முப்பத்துநாலில் பள்ளிக்கூடம் மூடுவார்கள்.
பிள்ளைகளைக் காப்பாற்ற அல்ல,
மணல்மூட்டை கட்ட ஆள் வேண்டும்.

தலைக்குமேல் போனபின் சாணென்ன முழமென்ன என்பவர்கள்
இங்கே நெடுநாள் குடியிருந்ததில்லை.
எங்களுக்கு அங்குலத்துக்கும் முகம் உண்டு.
முப்பத்தாறு அடி நாலு அங்குலம் என்றால்
கரைக்கு வெளியே வசிக்கும் ஆர்லிஸ் ட்வைட்டின் பியானோ.
முப்பத்தேழு என்றால்
கல்லறைத் தோட்டத்தின் கீழ்வரிசை.
பியானோவை ஆறு பேர் தூக்கிப்போய்
பள்ளிக்கூட ஜிம்மில் வைத்தோம்.
கீழ்வரிசையில் என் கணவன் கிடக்கிறான்.
அவனை எங்கே தூக்கிப்போவது?

அந்த வருஷம் நாற்பதையும் தாண்டியது.
எங்கள் கரை நாற்பத்திரண்டரை.
எதிரே ஓஸ்தால்.
அவர்களிடமும் அதே மண், அதே மணல், அதே வயதுப் பிள்ளைகள்.
இருட்டில் அவர்களின் லாரி விளக்குகளும்
எங்களுடையவையும்
தண்ணீரின்மேல் கலந்து கிடந்தன.
அவர்கள் ஒரு மூட்டை உயர்த்தினால் நாங்கள் ஒன்று.
யாரும் அதைப் போட்டி என்று சொல்லவில்லை.

இரவு மூன்று மணி: நாற்பத்திரண்டு அடி ஓர் அங்குலம்.
மூன்றே கால்: அதே.
மூன்றரைக்கு டார்ச் அடித்தேன்.
நாற்பத்தொன்று ஐந்து.

கண்ணைத் துடைத்து மறுபடி பார்த்தேன்.
ரேடியோவில் சொன்னேன்: இறங்குது.

கரை நெடுகக் கூச்சல் ஓடியது.
கையுறைகள் இருட்டுக்குள் பறந்தன.
தீயணைப்பு வண்டியின் சங்கை யாரோ அழுத்தினார்கள்.
ஆரின் ஸ்கார் சேற்றில் மண்டியிட்டார்.
நானும் சிரித்தேன். அதை மறைக்கப்போவதில்லை.

கால்மணி நேரத்தில்
எந்த ஆறும் தானாக எட்டு அங்குலம் இறங்காது.
அங்கிருந்தவர்களில் முதலில் அது தெரிந்திருக்க வேண்டியவள்
நான்.
எண்ணைச் சொன்னேன்,
தண்ணீர் எங்கே போனது என்று கேட்கவில்லை.

எதிர்க்கரையில் விளக்குகள்
தெருத்தெருவாக அணைந்தன.
எங்கள் கரையில் ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வாய்க்கு
பேச்சு நின்றுபோவதைக் கேட்க முடிந்தது.
யாரோ படகு என்றார்கள்.
பள்ளிக்கூடப் பையன்கள்தான் முதலில் ஓடினார்கள்.

விடியுமுன் முப்பத்தொரு பேரைக் கொண்டுவந்தோம்.
ஜிம் தரையில் கம்பளிகள், ஈர பூட்ஸ்கள், ஒரு நாய்.
யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை,
மன்னிப்பும் கேட்கவில்லை.
லிண்ட்விக் வீட்டுச் சிறுமி
ஆர்லிஸின் பியானோவில் ஒரே கட்டையை
அழுத்திக்கொண்டே இருந்தாள்.
நிறுத்து என்று சொல்ல
எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பதிவேட்டில் கடைசியாகக் குறிப்பு என்றொரு பத்தி உண்டு.
பனிக்கட்டி, மரம், செத்த மாடு
என்று எழுதுவேன்.
மேலதிகாரிக்கு அனுப்பிய தாளில்
அந்த மூன்றரை மணிக்கு நேரே
‘ஒன்றுமில்லை’ என்று இருக்கிறது.
என் பிரதியில்
ஓஸ்தால்.