மீதி இரண்டு எழுத்து

கதவுப் பலகையில் பன்னிரண்டு எழுத்துக்குத்தான் இடம்.
ஹெல்சின்கியில், நான்காம் மாடியில்,
லிஃப்ட் நின்றுபோன ஒரு திங்கட்கிழமை
பராமரிப்புக்காரர் பெட்டியும் மூச்சிரைப்புமாய் வந்தார்.
வெள்ளை பிளாஸ்டிக் எழுத்துகளை ஒவ்வொன்றாகத்
தகரப் பள்ளத்தில் நகர்த்தினார்.
கொகொபெரிஷ்வி.
அத்தோடு பள்ளம் முடிந்தது.
மீந்த இரண்டை என் உள்ளங்கையில் வைத்து
'இருக்கட்டும்' என்றார்,
கடைக்காரர் சில்லறை தருகிற மாதிரி.

எங்கள் எழுத்தில் எழுதினால் என் பெயர் பதின்மூன்று.
இவர்கள் எழுத்தில் பதினான்கு.
எல்லையில் ஒன்று கூடியது,
வாசலில் இரண்டு குறைந்தது.
பெயரின் அந்த வாலுக்கு ஜார்ஜிய மொழியில்
பிள்ளை என்று பொருள்.
இப்போது நான் யாரோ ஒருவருடைய
பிள்
என்று நிற்கிறேன்.

குறை சொல்ல எனக்கு வாயில்லை.
திபிலிசியில் முதல் வேலை, மின்கட்டண மென்பொருள்.
குடும்பப் பெயருக்கு எத்தனை எழுத்து விடலாம் என்று
மேலாளர் கேட்டபோது
வாய் நிறைய கச்சாபுரி.
பதினாறு என்று விரலால் காட்டினேன்.
என்னுடையது பதின்மூன்று, மேலே மூன்று, தாராளம்.
ஒரு வருடம் கழித்து ஒருத்தி வந்தாள்.
இரட்டைப் பெயர், நடுவில் சிறு கோடு.
அப்பா வழி முழுசாய் இருந்தது,
கணவர் வழி பாதியில் நின்றது.
'தொகை சரியாகத்தானே வருகிறது?'
அவள் பில்லை நான்காய் மடித்துக்கொண்டு போனாள்.
நிறம், சட்டை எதுவும் நினைவில்லை.
மடித்தது மட்டும்.

இங்கே பார்சல் பெட்டிகளுக்கு முகவரி சேர்க்கும் வேலை.
வாரம் விட்டு வாரம் இரவுக்காவல்.
மூன்று மணிக்குப் போன் அலறும்.
ஃபிராங்க்ஃபர்ட்டில் எங்கோ ஒரு சர்வர்
மூச்சுவிட மறந்திருக்கும்.
போர்வைக்குள்ளிருந்தே அதை அணைத்து, எழுப்பி,
'ஆச்சு' என்று ஒரு வார்த்தை போடுவேன்.
காலையில் அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல் கிடக்கும்.
யாருடையது என்று தொட்டால் தெரியும்.
தொடுவதில்லை.

ஜனவரியில் ஒன்பது மணிக்கும்
டிராமில் விளக்கு எரிகிறது.
எல்லோரும் ஜன்னலைப் பார்க்கிறோம்.
ஜன்னலில் நாங்களே இருக்கிறோம்.
நின்றாலும் நிற்பார்களே தவிர
யாரும் யார் பக்கத்திலும் உட்காருவதில்லை.
முதல் மாதம், என்மேல்தான் ஏதோ வாடையென்று
சட்டைக் கழுத்தை முகர்ந்துகொண்டே போனேன்.
இப்போது நானும் நிற்கிறேன்,
காலி இருக்கைக்கு மரியாதையாக.

வரி, மருந்துச்சீட்டு, வாடகை, பல் வைத்தியர்
எல்லாம் போனில்.
துணி துவைக்க மட்டும் நிலவறைச் சுவரில் ஒரு தாள்,
நூலில் தொங்கும் பென்சில்.
கட்டம் விரல்நக அகலம்.
நுணுக்கி எழுதினேன், பெயர் முழுசாய்ப் பிடித்தது.
ஒரு வாரம் அதை ரகசியச் சொத்துபோல்
படியிறங்கிப் போய்ப் பார்த்துவந்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

அடுத்த வாரம் அதன் கீழே வேறு கையெழுத்து:
'கொகொ, உலர்த்தியில் பஞ்சை எடுக்கவும்.
பிர்க்கோ, இரண்டாம் மாடி.'

கொகொ.
அவளுக்கு அதற்குமேல் பொறுமையில்லை, அவ்வளவுதான்.
எங்கள் மொழியில் அப்படியே ஒரு சொல் உண்டு,
பொண்ணே என்று.
நாற்பத்தொரு வயது,
கையில் ஈரத் துண்டுகள்,
தலைக்கு மேல் குழாயில் யாரோ குளிக்கும் சத்தம்.
இந்த ஊரில் இதுவரை ஒருவரும்
என்னை ஜார்ஜிய மொழியில் திட்டியதில்லை.

பஞ்சை எடுத்தேன்.
சாம்பல் நிறம், சூடாக இருந்தது.
பென்சிலை இழுத்து 'ஆச்சு' என்று எழுதி,
பெயர் போடும் இடத்தில் கொஞ்சம் யோசித்து,
அவள் வைத்ததையே வைத்தேன்.
மீந்த இரண்டு எழுத்தும் இழுப்பறையில்தான் கிடக்கின்றன,
செத்துப்போன சிம் கார்டுக்குப் பக்கத்தில்.

மறுவாரம் கீழே போய்ப் பார்த்தேன்.
கட்டைவிரல் எதுவும் இல்லை.
ஒரு டிக்,
தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி.