ஒத்திகை, பிற்பகல் இரண்டு பத்து

மணி அடித்தது.
பர்னரை அணைத்துவிட்டு
ஆறிப்போன பிளேன்டீயையும் தூக்கிக்கொண்டு
இறங்கினோம்.

படிக்கட்டில் பச்சை அம்பு
கடற்பக்கம் காட்டிற்று: தீயென்றால் இப்படி.
வாசலில் நீல அம்பு
கடலுக்கு முதுகு காட்டிற்று: அலையென்றால் அப்படி.
ரெண்டும் சேர்ந்து வந்தால்? என்றான் துவாரகன்.
சிரிப்பார்கள் என்று நினைத்திருப்பான்.
நிலாவெளிப் பிள்ளைகள் மணலைப் பார்த்தார்கள்.

வேம்படியில் பஸ்மிலா பெயர் வாசித்தாள்.
நாற்பத்தொன்று. ஒன்று குறைய.
திரும்பவும் வாசித்தாள்,
கொப்பியால் விசிறிக்கொண்டு, இந்தமுறை மெதுவாக.
லோஜிதா.
லோஜிதா.

மூன்றாம் மாடிப் பின்கதவில் நின்றிருக்கிறாள்,
'அவசர வழி' என்று மூன்று மொழியில் எழுதிய
பலகைக்குக் கீழே,
பூட்டைப் பிடித்தபடி.
திறப்பு காவலாளியின் இடுப்பில்.
காவலாளி வேம்படியில்,
விதிப்படி,
எல்லாருக்கும் முதல் வந்தவர்.

நாலு நிமிடம், திருப்தி
என்று அறிக்கை போயிற்று.
லோஜிதா உள்ளங்கையை மட்டும்
பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்,
துருவின் நிறம் போகவில்லை.

மறுநாள் பூட்டைக் காணவில்லை.
கம்பஸ் சொத்து; விசாரணை நடக்கிறது.
என்னையும் கேட்டார்கள்.
மேசை லாச்சியை இழுக்கும்போதெல்லாம்
உள்ளே ஏதோ
கனமாய் உருள்கிறது.