சா.பொ. 7

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
சொத்து அறைச் சாவி பதினோரு வருஷமாக என் இடுப்பில்.
அரிவாள், அறுந்த தாலிக்கொடி, கறை காய்ந்த லுங்கி,
எல்லாவற்றுக்கும் சீட்டு, எண், அரக்கு முத்திரை.
வழக்கு முடிந்து, அப்பீலும் முடிந்து
கேட்பாரற்றுக் கிடப்பதை
வருஷத்துக்கு ஒருமுறை பின்பக்கம் கொளுத்துவோம்.

அன்று நெருப்புக்குத் தப்பியது இரண்டு.
ஒன்று இரும்பு. எரியாது, மூலையில் கிடக்கட்டும் என்றேன்.
இன்னொன்று நீலக் கவுன் போட்ட பொம்மை,
ஒரு கண் மட்டும் மூடித் திறக்கும்.
நிறைமதிக்கு ஆறு வயசு. பொம்மை கேட்டு ரெண்டு மாசம்.
டிபன் கேரியர் பைக்குள் தலைகீழாகச் செருகினேன்.
பேரேட்டில் இரண்டுக்கும் ஒரே வரி:
அழிக்கப்பட்டது.
கீழே என் கையெழுத்து.

சோப்புப் போட்டு மூன்று தண்ணீரில் அலசினாள் அஞ்சுகம்.
கத்திரி வெயில். செம்மண்டலத்தில்
காக்காய்கூடக் கத்தவில்லை,
ஃபேன் அனலைத்தான் தள்ளியது.
பொம்மை மட்டும் ஜில்லென்று இருந்தது.
"மண்பானை மாதிரி இருக்குங்க"
என்று அவளே ஒருநாள் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள்.
குழந்தைக்கு வேர்க்குரு அடங்கியது.
நல்ல பொருள் என்று நினைத்தோம்.

நான்காம் நாள், சோற்றைப் பிசைந்துகொண்டே
"அப்பா, ஒரு பார் ஐஸை ஒரே குத்துல
ரெண்டாக்கறது எப்படித் தெரியுமா?
நடுவுல வெள்ளையா ஒரு கோடு ஓடும்.
அதுல குத்தணும். ஓங்கி அடிக்கக் கூடாது. குத்தணும்."
யாரும்மா சொன்னாங்க?
"பூவராகன்."

அந்தப் பெயரை என் வீட்டில் நான் சொன்னதே இல்லை.
முதுநகர் துறைமுகம், ஐஸ் கம்பெனிக் கூலி.
சங்கராப் பெட்டிகளுக்கு ஐஸ் உடைக்கிற ஊசி, சா.பொ. 1.
தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேர், ஆளுக்கு ஒரு குத்து.
மூன்றாவது, ஐந்து வயசு,
அணைத்தபடியே கிடந்தது இந்த நீலக் கவுனை.
காரணம் தீர்ப்பில் ஒரே வரி:
மூச்சு விடுகிற சத்தம் தாங்கவில்லை என்றான்.

கேப்பர் மலை ஜெயிலில் அவன் செத்த தேதியைத் தேடிப் பார்த்தேன்.
நாங்கள் கொளுத்திய அதே நாள், மாலை ஐந்தேகால்.
பஸ்ஸில் இருந்திருப்பேன்.
மடியில் பை.
தொடை நனைந்திருந்தது, ரசம் சிந்தியதென்று நினைத்தேன்.

யாரிடம் போய்ச் சொல்ல?
அப்படி ஒரு பொருளே இல்லை என்று
அரசாங்கம் என் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறது.

கெடிலம் பாலத்தடியில் மண்ணெண்ணெய் ஊற்றினேன்.
கவுன் நுனிகூடக் கருகவில்லை.
நெருப்புதான் நடுங்கிச் செத்தது.
மணலில் ஒரு வாளித் தண்ணீர், மீன் கவுச்சியோடு.
செங்கல்லைக் கட்டி, ஆழம் பார்த்து இறக்கினேன்.
ஒரு கண் கடைசியாக மூடியது.

அது திரும்பி வரவில்லை.
வரவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.
வாசலில் ஓடிவந்த மகளைத் தூக்கினேன்.
அவள் உள்ளங்கை
ஜில்லென்று இருந்தது.

இப்போது மணி இரண்டு. கரண்ட் இல்லை.
அஞ்சுகம் குப்புறப் படுத்திருக்கிறாள்.
நிறைமதி அவள் பக்கத்தில் சம்மணமிட்டு
ஈர விரலால் பிடரியிலிருந்து கீழே
ஒரு கோடு இழுக்கிறாள்,
மெதுவாக, நேராக,
கோலம் பழகுகிற பிள்ளை மாதிரி.
தூக்கத்தில் அஞ்சுகம் சுகமாக முனகுகிறாள்.
புழுக்கத்துக்கு அது இதமாகத்தான் இருக்கும்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன்.
எவ்வளவு நேரம் முடியும்?

"அப்பா தூங்கலியா?"
குரல் அவளுடையதுதான். மழலைகூட மாறவில்லை.
இருட்டில் ஒரு கண் மட்டும் மூடித் திறக்கிறது.
"ஊசி எங்கப்பா?"

அழிக்கப்பட்டது என்று சொல்ல வாயெடுக்கிறேன்.
இடுப்பில் சாவி
குளிர ஆரம்பிக்கிறது.