அட்டைகள்

நாலரைக்கு வேன் பட்டிப்பொலையைத் தாண்டும்.
முன் ஆசனத்தில் ஹெட்விக் அம்மையார், மடியில் தொலைநோக்கி.
பின்னால் அவர் கணவர்,
வாயைத் திறந்தபடி உறக்கம்.
சாரதி சுமணசேன ஹீட்டரைத் தட்டித் தட்டி
ஒரு கெட்ட வார்த்தையை விழுங்குகிறான்.
என் கழுத்தில் அட்டை:
'லோகா, இயற்கை வழிகாட்டி.'
சிவலோகநாதன் என்றால் நாக்கு சுளுக்குமென்று
கம்பனி கத்தரித்துத் தந்த பெயர்.

ஓடைக்கு இறங்குமுன் எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன்:
காலுறையை மேலே இழுத்துவிடுங்கள்,
இங்கே அட்டை இருக்கிறது.
தமிழ் தெரிந்திருந்தால்
என் கழுத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்.
ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல்.

பிறகு காத்திருப்பு.
பாசி வழுக்கும் கல், தண்ணீர் இரைச்சல்,
விடிந்தும் விடியாத ஒரு சாம்பல்.

போன தை மாதம்
தென்கோடித் தீவுகளுக்குக் கப்பலில் போனாராம்.
பதினெட்டு நாள்.
மரமென்று ஒன்றுகூட இல்லாத தீவுகள்.
பென்குவின் ஒன்று நடந்து வந்து
அவர் சப்பாத்துக் கயிற்றைக் கொத்தியதாம்.
'மனிதரைக் கண்டு பயமே இல்லை அவற்றுக்கு.'
தலையாட்டினேன்.
எங்கள் மலையில் பயப்படத் தெரியாதவை எல்லாம்
துரைமார் துவக்கோடு வந்த காலத்திலேயே முடிந்துவிட்டன.
சொல்லவில்லை.
டிப்ஸ் இன்னும் வரவில்லை.

அப்போது கேட்டது,
துருப்பிடித்த பிரேக்கை யாரோ தூரத்தில் மிதித்ததுபோல்
ஒரு மெல்லிய கீச்சு.
சீழ்க்கைக் குருவி.
அம்மையாரின் விரல்கள் என் கையை இறுக்கின.

'வேறெங்கும் இல்லையா இது?'
வேறெங்கும் இல்லை அம்மா.
இந்த உயரம், இந்தக் குளிர், இந்த ஓடை.
கீழே இறங்கினால் வெயில்தான் அதற்குக் கடல்.
'அப்படியென்றால் நாம் நிற்பதும் தீவுதான்' என்றார்.
நன்றாகத்தான் சொன்னார்.

வேறெங்கும் இல்லாததற்கு விலை உண்டு:
ஆளுக்கு நூற்றைம்பது யூரோ, காலைச் சாப்பாடு உட்பட.
என் அப்பாவும் வேறெங்கும் இல்லாதவர்தான்.
ஏழாம் நம்பர் லயத்தில் பிறந்து
ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்து வெட்டியவர்.
அவருடைய கடதாசியில் மட்டும்
அந்த 'வேறு' விழுந்துபோயிருந்தது.
எங்கும் இல்லாதவர்.
அடையாள அட்டை கைக்கு வந்தபோது வயது ஐம்பத்திரண்டு.
படத்தில் கண்ணை மூடியிருக்கிறார்.
மறுபடி எடுக்கப் போகவில்லை,
ஒருநாள் பேர் போய்விடுமென்று.

அரைமணி நேரம்.
கீச்சு மேலே போனது, கீழே வந்தது, நின்றது.

பறவையைப் பார்த்தவர் கணவர்.
ஒதுங்கப் போன புதருக்குப் பின்னால்,
ஒரு முழத் தூரத்தில்.
'கறுப்பாக இருந்தது' என்றார் பெல்ட்டைச் சரிசெய்தபடி,
'தோளில் யாரோ நீலத் தீக்குச்சி உரசியதுபோல.'
நாற்பது வருடத் தாம்பத்தியம்
அந்த ஓடைக்கரையில் ஒருமுறை ஆடி நின்றது.
அம்மையார் பறவைப் பட்டியல் அட்டையை எடுத்து,
'கேட்டது மட்டும்' என்ற கட்டத்தில்
பேனா கிழியும்படி ஒரு கோடு போட்டார்.

திரும்பும் வழியில் வேன் மெதுவானது.
இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பெண்கள்
பிரட்டுக்குப் போகிறார்கள்.
ஜன்னலைத் தட்டினாள் பொன்னழகி:
'என்னா லோகநாதா, குருவி மாட்டலயா?
ஒங்க நீலத்தோளு நேத்தும் எங்க பீலியில
வந்து குளிச்சிட்டுப் போச்சே.
நாங்க குளிக்கிறப்பதான் அதுவும் வரும், வெக்கங்கெட்டது.'
எல்லோரும் சிரித்தார்கள்.
பனியில் வெள்ளை வெள்ளையாக மூச்சு.

'என்ன சொல்கிறார்கள்?'

பீலிக்கரை கண்ணுக்குள் வந்தது.
ஈரப் பாவாடைகள், சவர்க்காரத் துண்டு,
மேட்டில் முக்காலி நட்ட கெமராக்கள்.

'காலை வணக்கம் சொல்கிறார்கள், அம்மா.'

கணுக்காலில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தேன்.
குடித்து முடித்துத் தானாகவே விழுந்திருந்தது அட்டை.
சுமணசேனவுக்குத் தமிழ் விளங்கும்.
கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்தான்.
பிறகு ஹீட்டரைத் தட்டினான்.