பசி எடுக்காத நோன்பு

அந்தப் புட்டி எனக்கென்று வந்தது.
பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்:
'கொஞ்சம் பூசினாப்பில இருக்கு.'
துபாயிலிருந்து வந்த காக்கா
கோடாலித் தைலத்துக்கும் சென்ட்டுக்கும் நடுவே
சட்டையில் சுருட்டிக் கொண்டுவந்தான்.
லேபிளில் ஒல்லியாக ஒருத்தி சிரித்தாள்.

மூன்று நாள் விழுங்கினேன்.
நாக்கு வறண்டு, தூக்கம் கெட்டு,
நான்காம் நாள் ஒரு ஓலைப்பெட்டித் தொதலை
வழித்துத் தின்றுவிட்டு
புட்டியை லாத்தாவிடம் கொடுத்தேன்.
'ரெண்டு பிரசவத்துல ஊதிப்போனது நீதானே.'

அவளுக்கு ஒத்துக்கொண்டது.
ஆணம் மணந்தால் முகத்தைத் திருப்புவாள்.
கலரி வீட்டுச் சஹனில்
அவள் பக்கத்துச் சோறு மட்டும்
குழி விழாமல் இருக்கும்.
ரமலானில் கேட்டாள்:
'பசியே எடுக்காத நோன்பு
நோன்புல சேருமாடி?'
சிரித்தேன்.
காக்காவுக்குப் போன் போட்டு
இன்னும் இரண்டு புட்டி வரவழைத்ததும் நான்தான்.

கீழக்கரை ஜெட்டி வரை
பேசிக்கொண்டே நடப்பவள்
பாதி வழியில் நிற்கத் தொடங்கினாள்.
மூச்சு வாங்குவதை மறைக்கப்
படகு எண்ணுவாள்.
ஒருநாள் ஏழு படகுதான் நின்றன.
இருபது வரை எண்ணினாள்.

ராமநாதபுரத்தில் எக்கோ எடுத்தார்கள்.
ஃபைலில் ராவியத்து பீவி, வயது முப்பத்து நான்கு.
திரையில் நீலமும் சிவப்பும் குழம்பிப் பொங்கின.
டாக்டர் சொன்னது யாருக்கும் விளங்கவில்லை.
உம்மாதான் கடைசியில்,
'மோட்டார்ல ஃபுட் வால்வு போனா
ஏத்தின தண்ணி கெணத்துக்கே திரும்பிடுமே,
அப்படியா?'
அப்படித்தான், என்றார்.

'மெலிய ஏதும் மாத்திரை சாப்பிட்டீங்களா?
யார் குடுத்தா?'
ஃபேன் சுற்றியது.
நான் என் வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
'நானே வாங்கினேன்.'
'எந்தக் கடையில?'
'கடை இப்ப இல்ல,' என்றாள் லாத்தா.

மதுரையில் நெஞ்சைத் திறந்து
உலோக வால்வு வைத்தார்கள்.
ரத்தம் உறையாதிருக்க இப்போது வேறொரு மாத்திரை;
அதற்காக முருங்கைக்கீரையையும் அளந்து தின்கிறாள்.
பழைய புட்டியில் உம்மா ஊக்குகள் போட்டுவைத்திருக்கிறாள்.
ஒல்லிக்காரி இன்னும் சிரிக்கிறாள்.
என் நிக்காஹ் நடந்தது,
பூசினாப்பிலேயே.

ஸஹர் நேரம். கரண்ட் போய்விட்டது.
கடல் சத்தமில்லாமல் கிடக்கிறது.
லாத்தாவின் மாரிலிருந்து
கைக்கடிகாரம் போல
டிக், டிக்.
நோன்பு வைக்கக் கூடாது அவள், டாக்டர் உத்தரவு.
ஆனாலும் எழுந்து வந்து உட்காருகிறாள்.
'எனக்கும் போடு. பசிக்குது.'

சஹனில் அவள் பக்கம் குழி விழுகிறது.
பாங்கு சொல்லிவிடுவார்கள், சாப்பிடு என்கிறாள் உம்மா.
என் பக்கத்துச் சோறு
அப்படியே இருக்கிறது.