பதினோராவது படம்

பேரளம் நெல் கொள்முதல் நிலையம்.
மூட்டை தூக்கும் பக்கிரிசாமி
சட்டத்தின் நட்டநடுவில் நிற்கிறார்,
ரேஷன் கார்டுப் படம் மாதிரி.
தலையில் ஒரு மின்கம்பம் முளைத்திருக்கிறது.
டிஜிட்டல் என்றால்
இந்நேரம் நாற்பது தட்டியிருப்பேன்,
கம்பத்தை வீட்டில் போய் வெட்டியிருப்பேன்.
ஃபிலிமில் நான்தான் நகர வேண்டும்.

இடப்பக்கம் இரண்டடி. சாக்கின் மேல் முழங்கால்.
கம்பம் போனது, தராசு வந்தது.
அவர் பார்க்கும் பக்கம்
கொஞ்சம் வெற்றிடம் விட்டேன்;
ஈரப்பதம் பார்க்கிறவர்
அங்கே வந்து நின்றுகொண்டார்.
"எடுத்தாச்சா தம்பி?"
"இன்னும் இல்லண்ணே."
மூட்டை தோளில் ஏறிவிட்டது.
அப்போதுதான் அமுக்கினேன்.

"காட்டு" என்றார்.
பழக்கத்தில் நானும் திருப்பிப் பார்த்தேன்:
கறுப்புத் தோல்.

பத்து நாள் கழித்து, நெகட்டிவில்,
புருவத்து நெல்தூசி கறுத்து
இளவட்டமாய் இருந்தார்.
ஓரத்தில் யாருடையதோ முழங்கை.